நானூற்றுப் பன்னிரண்டு பேர் குடியிருந்த பங்களா

ஹல்துமுல்லைக்குக் கீழே இருக்கும் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் விபரத்தைக் கம்பியூட்டரில் பதிகிற வேலை நஸ்லியாவுக்கு. பெயர், வயதில் சிக்கலில்லை. விலாசத்தில்தான் தொல்லை. கருக்குமலைத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் "கருக்குமலைத் தோட்டம், ஹல்துமுல்லை" என்று ஒரே விலாசத்தைத்தான் சொல்வார்கள். அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு வீதிப் பெயரும் கிடையாது, வீட்டிலக்கமும் கிடையாது. கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். தலைமுறை தலைமுறையாக அதுவே போதுமென்று எல்லா அரசாங்கமும் இருந்துவிட்டது.

இந்த வருஷம் ஒரு புதுத் திட்டம் வந்தது. நோயாளிக்கு மருந்து மட்டும் கொடுத்தால் போதாதாம். அவர் வாழும் இடத்தில் நல்ல தண்ணீர் உண்டா, பஸ் உண்டா என்று வரைபடத்தில் பார்த்து, குறை உள்ள இடத்துக்கு உதவி அனுப்புவார்களாம். நஸ்லியாவுக்கு உண்மையாகவே சந்தோஷம். கருக்குமலைப் பிள்ளைகளை வயிற்றோட்டத்துக்காகப் பதிந்து பதிந்து அவளுக்கே அலுத்துப் போயிருந்தது.

திட்ட அதிகாரி பவாஸ் கொழும்பிலிருந்து மடிக்கணினியோடு வந்தார். திரையில் மலையெல்லாம் பச்சையாக விரிந்தது. ஓரிடத்தில் மட்டும் பெரிய சிவப்புப் புள்ளி.

"பாருங்க தங்கச்சி, ஒரே இடத்தில நானூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள்! இப்படி நெருக்கத்த நான் எங்கயும் கண்டதில்ல."

நஸ்லியா குனிந்து பார்த்தாள். "சேர், இது தோட்டத்து மெனேஜர் தொரைட பங்களா. அங்க தொரையும் அவர்ட நோனாவும் ரெண்டு நாயும்தான் ஈக்கிற. தோட்டத்துப் பேரப் போட்டா வரைபடம் பங்களாவத்தான் காட்டுது. அதான் எல்லாரையும் அங்க கொண்டுபோய்ப் போட்டிருக்கு."

"இது மேலிடம் ஒத்துக்கொண்ட தரவு. கையால மாத்த ஏலாது" என்றார் பவாஸ்.

இரண்டு மாதத்தில் பெரிய தண்ணீர்த் தாங்கிகள் இரண்டும் ஒரு வடிகட்டியும் லொறியில் வந்து, பங்களாவின் ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே இறங்கின. நானூற்றுப் பன்னிரண்டு பயனாளிகளின் சார்பில் துரை பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். நாடா வெட்டினார்கள், பட்டிஸ் தின்றார்கள். அன்று முதல் துரையின் நாய்கள் வடிகட்டிய தண்ணீர் குடித்தன.

அடுத்த திங்கட்கிழமை, தேயிலைக் கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமி மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"மறுபடியும் வயித்தால போகுதுங்க மிஸ்."

"தண்ணி எங்க அள்ளுற?"

"லயத்துப் பீலியிலதாங்க, மலையிலருந்து வழியிற தண்ணி. மேல உள்ள மாட்டுப்பட்டி அழுக்கெல்லாம் அதுலதான் வந்து விழுது."

நஸ்லியாவுக்கு மனசு கேட்கவில்லை. பௌர்ணமிப் போயா விடுமுறையன்று கருக்குமலைக்கு ஏறினாள். விஜயலெட்சுமி முன்னே நடக்க, லயம் லயமாகப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று, இடத்தைக் கைபேசியில் குறித்தாள். சட்டைக்குள் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. அன்றிரவே எல்லாவற்றையும் பவாசுக்கு அனுப்பினாள்.

மறுநாள் அவர் போனில் கோல் எடுத்தார்.

"அருமையான வேல தங்கச்சி. ஆனா உங்கட புள்ளியெல்லாம் மண்சரிவு வலயத்துக்குள்ள விழுதே! அங்க ஒரு குழாய் போடவும் அனுமதியில்ல."

"அப்ப அந்த மனிசருக்கு வேற இடத்தில வீடு கட்டிக் குடுங்க."

"அது வேற திட்டம். நீங்க பழைய புள்ளியையே விடுங்க. பங்களாப் புள்ளி இப்ப சிவப்பு மாறிப் பச்சையாகிட்டு. அறிக்கையும் போயிட்டு."

மகளின் மருந்துக்கு வந்த விஜயலெட்சுமியின் முகத்தைப் பார்க்க நஸ்லியாவுக்கு வெட்கமாக இருந்தது. நடந்ததைச் சொல்லி, துரை கையெழுத்துப் போட்ட கடுதாசியில் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த பிரதியைக் காட்டினாள்.

"இதுல என்னங்க எழுதியிருக்கு?"

"நீங்க நானூற்றுப் பன்னிரண்டு பேரும் பங்களாவிலதான் குடியிருக்கீங்களாம். அந்தத் தண்ணி உங்களுக்குத்தானாம்."

விஜயலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இத ஒரு கொப்பி அடிச்சித் தாங்க மிஸ்" என்றாள்.

அடுத்த நாள் பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்ததும், அறுபது பெண்கள் வாளியும் கேனுமாகப் பங்களாவுக்கு ஏறினார்கள். நோனா போட்ட சத்தத்தில் துரை ஓடி வந்தார்.

"யார் வரச் சொன்னது? வெளியே போங்க!"

விஜயலெட்சுமி கடுதாசியை இரண்டு கையாலும் நீட்டினாள். "எங்க வீட்டுக்குத்தாங்க வந்திருக்கோம். தொரை அவங்களே கையெழுத்து வச்சிருக்காங்க."

துரை பவாசுக்குப் போன் போட்டார். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் பங்களாவில் குடியில்லையென்று எழுதிக் கொடுத்தால், தாங்கிகளைத் திரும்ப ஏற்றிவிடுவதோடு பொய்க் கையெழுத்துக்கு விசாரணையும் வரும் என்றார் பவாஸ். துரை எழுதிக் கொடுக்கவில்லை. பெண்கள் தினமும் வந்தார்கள். வருகிற வழியில் ரோஜாச் செடியிருந்தால் அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? ஐந்தாம் நாள் துரையே ஆள் விட்டு, தாங்கியிலிருந்து லயம் வரைக்கும் கறுப்புக் குழாய் இழுத்துக் கொடுத்தார். சரிவான மலைதானே, மோட்டரும் தேவைப்படவில்லை. அந்தக் குழாய் எந்த வரைபடத்திலும் இல்லாதபடியால் யாருக்கும் அனுமதி கேட்கத் தோன்றவில்லை.

கருக்குமலையில் வயிற்றோட்டம் பாதிக்கு மேல் குறைந்தது. தன் வரைபடத்தின் வெற்றியைச் சொல்லப் பவாஸ் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனார். நஸ்லியாவுக்கு, அனுமதியின்றித் தரவு திரட்டியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவள் இரண்டு வரியில் பதில் எழுதினாள்: "விடுமுறை நாளில் நடந்துபோய், சனங்கள் இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்தேன். இனியும் பார்ப்பேன்." கையெழுத்திட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே தபாலில் போட்டுவிட்டாள்.