இசைமாலைக்கு ஆள் வராத காரணம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. கேட்டவர் ஜெயரூபன் சேர். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். பதுளை நகர மண்டபமொன்றில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் 'ஊவா இசைமாலை'யின் தலைவர்.

"அந்த டீச்சர் பாட வந்த பொறகுதானே டிக்கட் விக்காம போச்சு?"

குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். அறிவித்தல் எழுதிக் கொடுப்பதற்காக அந்தக் குழுவில் இருக்கும் நான் ஆட்டவில்லை. ஆறட்டும் என்று பொறுத்துப் பார்த்தேன். கோபம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். நிதானமான கதை வேண்டும் என்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

[ஏன் 'கச்சேரி' என்று சொல்லவில்லை என வெளியூர் வாசகர் கேட்கலாம். எங்கள் ஊரில் கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம். அங்கே யாரும் பாட்டுக் கேட்கப் போவதில்லை.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலைச்சரிவில் பனி இறங்க, பாக்கியலெட்சுமி தலையைக் குனிந்தபடி...'

அடித்துவிட்டேன். அன்று பனியும் இல்லை, பாக்கியலெட்சுமி தலை குனிகிறவரும் இல்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படித்து, லுணுகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறவர். உரத்த குரல். சட்டென்று வரும் கோபம். மேடையில் இடம் கேட்டு அவரேதான் வந்தார்.

"எப்பப் பாத்தாலும் கொழும்புல இருந்தே ஆளக் கொண்டாறீங்களே சேர், நாங்கல்லாம் ஊமைங்களா?"

இடம் கிடைத்தது. கொழுந்து பறிக்கிற தன் அம்மா மாரியாயியின் பேச்சிலேயே தான் கட்டிய பாட்டுகளைப் பாடினார். தபேலாக்காரர் ஓர் இடத்தில் வாசிப்பதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். (அழகுக்காகச் சேர்த்ததல்ல, நடந்தது.) ஆனால் மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. அடுத்தடுத்த மாதங்களில் இன்னும் மோசம்.

3

அவர் பாட வந்த அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. அதுவரை மூன்று மணிக்குத் தொடங்கிய நிகழ்ச்சியை ஆறு மணிக்கு மாற்றினார்கள். பிரதம அதிதிகளுக்கு அதுதான் வசதியாம். போதாததற்கு ஜெயரூபன் சேர் ஒரு நியாயமும் கண்டுபிடித்தார்.

"பேரே இசைமாலை. மாலையிலதானே நடத்தணும்?"

அது கழுத்தில் போடுகிற மாலை. பெயர் வைத்தவன் நான். சொன்னேன், சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனம் சாமான் வாங்க டவுணுக்கு வரும். மூன்று மணிக்கு மண்டபத்துக்குள் வந்து உட்காரும். இருட்டுவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடும். ஆறு மணிக்குத் தொடங்கினால் அவர்கள் எப்படி வீடு போவார்கள்? இதையும் கூட்டத்தில் கேட்டேன்.

"பஸ் இல்லாட்டி வேன் புடிச்சி வரலாம்தானே?" என்றார் பொருளாளர் ஜெஸீம், புடவைக் கடைக்காரர். "உண்மையாப் பாட்டுல ஆசை உள்ளவன் எப்படியும் வருவான்."

"வராதவங்க?"

"அவங்களுக்கு ஆசை இல்ல. ஆசை இல்லாதவங்களுக்காக ஏன் நேரத்த மாத்தணும்?"

"நான் வந்தவங்ககிட்டயே கேட்டுப் பாத்துட்டேன்," என்றார் ஜெயரூபன் சேர். "ஆறு மணி எல்லாருக்கும் வசதிதானாம்."

வந்தவர்களிடம்! ஆறு மணிக்கு வர முடிந்தவர்களிடம் ஆறு மணி வசதியா என்று கேட்டிருக்கிறார். ஒரு வங்கியை நடத்திய மனிதர்!

டீச்சரை நீக்கினார்கள். அன்றே எனக்கு ஃபோன் வந்தது.

"என் பாட்டு நல்லால்லன்னு சொல்லட்டும்ணே, தாங்கிக்குவேன். என்னப் பாத்து சனம் ஓடிருச்சுன்னு சொல்றாங்களே..."

அதற்கு மேல் மூச்சு மட்டும் கேட்டது. அழுதாரா, பல்லைக் கடித்தாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதவில்லை.

4

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஓர் இசைக்குழு. அன்று மாலை மண்டபத்தில் கல்யாண வரவேற்பு இருந்ததால், வேறு வழியில்லாமல் மூன்று மணிக்கே வைத்தார்கள்.

மண்டபம் நிரம்பியது. கடைப் பைகளோடும் கைப்பிள்ளைகளோடும் ஸ்பிரிங்வெளிச் சனம் வந்து இறங்கியது. டீச்சரும் டிக்கட் வாங்கி, அம்மாவோடு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம டீச்சர் எப்ப பாடுவாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"நீயே ஏறிப் பாடேன்டி," என்றார் மாரியாயி.

"கூப்புடாம போக மாட்டேம்மா."

முடிவில் ஜெயரூபன் சேர் மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா? தரமான கலைஞர்களக் கொண்டாந்தா சனம் தானா வருது!"

பாக்கியலெட்சுமி எழுந்து நின்றார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை. "சேர், மூணு மணிக்கு வச்சீங்க. திரும்பிப் போக பஸ் இருக்கு. அதான் சனம் வந்திருக்கு."

"பொறாம வேணாம் டீச்சர்," என்றது மைக்.

முன்வரிசை சிரித்தது. டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். பின்வரிசைகள் மொத்தமாக எழுந்து கூடவே போயின.

(அதை ஓர் எதிர்ப்பு என்று எழுத எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அவர்கள் எழுந்தது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால்.)

5

அடுத்த கூட்டத்தில் முடிவெடுத்தார்கள்: பாடகி பிரச்சினை தீர்ந்துவிட்டது, ஆகவே திரும்பவும் ஆறு மணி.

"மறுபடி ஆள் வராட்டி?" என்று கேட்டேன்.

"அந்தம்மா தூண்டி விட்டுருச்சுன்னு அர்த்தம்," என்றார் ஜெயரூபன் சேர்.

மண்டபம் நிறைந்தால் டீச்சர் இல்லாததால். காலியானால் அவர் கெடுத்ததால். இனி அறிவித்தல் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கதைக்கு ஒரு முடிவு எழுதி, டீச்சருக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன்: 'ஸ்பிரிங்வெளி மைதானத்தில், தன் சனத்தின் நடுவே அவர் பாட, மலையே...'

"நிறுத்துங்கண்ணே. எங்காளுங்களுக்கு எங்க எடத்துலயே பாடிக்கோன்னா, டவுண் மண்டபம் யாருக்கு? அத எழுதாதீங்க."

அடித்தேன். இன்னொரு முடிவில் ஜெயரூபன் சேர் தன் தவறை உணர்ந்து... இல்லை, அவ்வளவு கற்பனை எனக்கு வராது.

டீச்சர் அதே மண்டபத்தைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்திருக்கிறார். ஒரு ஞாயிறு, மூன்று மணிக்கு. அந்த ஞாயிறு இன்னும் வரவில்லை. ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நாற்காலிகள் நிரம்புமா, கிடந்து காயுமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருமே வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் அவரிடம் கேட்டேன்.

"லயம் லயமாப் போய், ஏன் வரலன்னு கேப்பேன்," என்றார். "இது வரைக்கும் எவன் கேட்டான்?"