வீட்டுக்கொரு முட்டை

வெள்ளிக்கிழமை காலையில் யூனிஸ் கோழிக்குஞ்சுகளைக் குளிப்பாட்டினாள்.

பொரித்து இரண்டாம் நாள். மயிரில் ஓட்டுத் துணுக்கும் எச்சமும் ஒட்டியிருந்தன. நாற்றத்துக்கு முகம் சுளித்தாள். அவள் பிறந்தது திருநெல்வேலி டவுணில், ரத வீதியில், ஒரு சைவ வீட்டில். அந்தத் தெருவுக்குள் கோழி வராது. பிறந்த பிள்ளையை மஞ்சள் கரைத்த வெந்நீரில் குளிப்பாட்டுவார்கள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். கை பொறுக்கும் சூட்டில் விளாவி, ஒவ்வொன்றாக முக்கி எடுத்து, தலையைத் துவட்டி, தாய்க்கோழியிடம் விட்டாள். ஒன்பது குஞ்சுகள்.

அவளும் கணவனும் ஞானஸ்நானம் வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆடியில் அவனை வாந்திபேதி கொண்டுபோனது. பாளையங்கோட்டை மிஷன் வளவில் ஒரு ஓலை வீடு மிஞ்சியது; ஆறு வயது மகள் ஜெபகனி மிஞ்சினாள். மிஷனில் ஊற்றிய கஞ்சியை இருவரும் குடித்தார்கள்.

புரட்டாசியில் அவள் அண்ணன் ஐயம்பெருமாள் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னான்.

“மாமன் ஒருத்தன் இருக்கையில பிள்ளை கஞ்சிக்குச் சட்டி ஏந்தி நிக்கப்படாது. கார்த்திகையில வாரேன். நீயா ஆக்கிப் போட ஒரு வழி இருந்தா விட்டுருதேன். இல்லன்னா பிள்ளையக் கொண்டு போயிருவேன். நீயும் வரலாம். வேண்டாங்கல.”

அங்கே போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளைச் சீலை, பின்கட்டு, ஒரு வேளைச் சோறு. பிள்ளையைத் தன் பிள்ளை என்று தொட விடமாட்டார்கள்.

மிஷன் வளவின் வீட்டு வரிசையில் புதிதாக ஒரு குடும்பம் தனி அடுப்பு மூட்டினால் வீட்டுக்கொரு முட்டை கொடுப்பது வழக்கம். அண்ணன் போனபிறகு யூனிஸும் மூட்டினாள். பதினொரு வீடு, பதினொரு முட்டை. அடுத்த வீட்டுச் சாரம்மாள், பனையேறியின் மனைவி, அடைக்கோழியை இரவல் தந்தாள். இரண்டு முட்டை கூமுட்டை. ஒன்பது பொரித்தது. சித்திரைக்குள் நாலு பெட்டையாவது முட்டையிடும் என்றும், துரைமார் பங்களாக்களில் நாட்டு முட்டைக்கு எப்போதும் ஆள் தேடுவார்கள் என்றும் சாரம்மாள் சொல்லியிருந்தாள்.

மஞ்சளில் குஞ்சுகள் மஞ்சளாகவே ஆகிவிட்டன. வெயில் இல்லை. தாய்க்கோழி கழுத்தைச் சாய்த்து அவற்றைப் பார்த்தது. ஒன்றின் தலையில் கொத்தியது. கொஞ்சுகிறது என்று யூனிஸ் நினைத்தாள். மறுபடி கொத்தியது. ரத்தம் வந்த பிறகுதான் ஓடிப்போய் பிரித்தாள். கோழியின் மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடினாள். குஞ்சுகள் நடுங்கின. மழை பிடித்துக்கொண்டது.

சாரம்மாள் தலையில் ஓலையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். குஞ்சுகளைப் பார்த்து முதலில் சிரித்தாள்.

“ஏளா, இதுகளுக்கென்ன கல்யாணமா? மஞ்சள் பூசி வச்சிருக்க.”

யூனிஸ் குளிப்பாட்டியதைச் சொன்னாள். சாரம்மாளின் சிரிப்பு நின்றது.

“ஈரம் பட்டா இது தாங்காதுல்லா. நிறமும் மாறிப் போச்சு, இனி அது தன் பிள்ளைன்னு சேக்காது. நீதான் இனி தாய்க்கோழி. கம்பளில பொதி. உன் ஒடம்புச் சூட்டோட வச்சுக்க. சூடு விடாத.”

போகும்போது, யாரிடமும் சொல்லமாட்டேன் என்றாள். திரும்பி வந்து, தேங்காய்ச் சிரட்டையில் நெருப்புக் கங்கு கொடுத்தாள். யூனிஸின் விறகு நனைந்திருந்தது. கங்கு புகைந்து அணைந்தது.

வீட்டில் ஒரு கம்பளிதான் உண்டு. அது ஜெபகனி மேல் கிடந்தது. பிள்ளைக்குக் காலையிலிருந்து காய்ச்சலில் மேல் சுட்டது. யூனிஸ் கம்பளியை எடுத்தாள். தன் பழைய சீலையை நாலாக மடித்துப் பிள்ளைக்குப் போர்த்தினாள்.

“குஞ்சுக்கா அம்மா?”

ஆமாம் என்றாள். பிள்ளை தலையாட்டியது.

கம்பளியைச் சுருட்டி அதற்குள் குஞ்சுகளை வைத்து மடியில் அணைத்தாள். தலையில் கொத்துப்பட்டது முதலில் செத்தது. உச்சிவேளைக்குள் இன்னும் இரண்டு. செத்ததை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு மற்றதை நெருக்கி வைத்தாள். வாயருகே கொண்டுபோய் ஊதினாள். காலையில் எந்த நாற்றத்துக்கு முகம் சுளித்தாளோ அதற்குள்ளேயே மூச்சு விட்டாள். ஜெபம் செய்தாள். பாதியில் சொல் மறந்துபோய், சின்ன வயதில் தெரிந்த பழைய சாமி பெயர் வாயில் வந்தது. அதையும் சொன்னாள்.

மூன்று மணிவாக்கில் சுவரோரம் ஆறு கிடந்தன.

வாசலில் வண்டி நின்றது. ஐயம்பெருமாள் குடையோடு இறங்கினான். கார்த்திகை பிறந்து நாலு நாள்தான். மாசக் கடைசியில்தான் வருவான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பழைய பெயர், பிரம்மநாயகி. உள்ளே பிள்ளை இருமியது. அவன் வாசலைத் தாண்டி உள்ளே வந்தான். அந்த வீட்டுக்குள் அவன் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

பிள்ளையின் நெற்றியைத் தொட்டான். சீலையைத் தடவிப் பார்த்தான். ஈரக்காற்றில் அது சில்லென்றிருந்தது. பிறகு தங்கையின் மடியைப் பார்த்தான்.

“பிள்ளைக்குக் காயுது. கம்பளி கோழிக்கு.”

 குஞ்சு பிழைத்தால்தான் பிள்ளை தன்னிடம் இருக்கும் என்று அவள் சொல்லலாம். சொன்னாலும் சுவரோரம் ஆறு கிடந்தன.

அவன் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டான். தன் மேல்வேட்டியைப் போர்த்தினான். வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது.

அவள் மூன்று குஞ்சுகளையும் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். சேற்றில் மாடுகள் மெதுவாகத்தான் போயின. ஆனாலும் வண்ணாரப்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலத்தில்தான் எட்ட முடிந்தது. கீழே வெள்ளம் செம்மண்ணாய் ஓடியது. வண்டியின் பின்னால் தொற்றி, கம்பளியைப் பிள்ளை மேல் போட்டாள்.

ஐயம்பெருமாள் வண்டியை நிறுத்தச் சொன்னான். அவள் ஏறிக்கொள்ளட்டும் என்றான். குரல் தணிந்திருந்தது. அப்போது அவள் நெஞ்சுக்குள் ஒரு குஞ்சு கத்தியது.

அவன் பின்வாங்கினான். “அதை ஆத்துல போட்டுட்டு ஏறு.”

“நான் ஏறலை அண்ணே. நடந்தே வாரேன். உள்ள வரமாட்டேன். உங்க வாசல்லதான் இருப்பேன். இதுகளுக்கு இறகு முளைக்கிற மட்டும் அங்கன இருப்பேன். உங்க தங்கச்சி நெஞ்சுக்குள்ள கோழிய வச்சுக்கிட்டு வாசல்ல கெடக்கான்னு தெருவே பார்க்கட்டும்.”

வண்டிக்காரன் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐயம்பெருமாளின் மூத்த மகளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு அதே தெருவில்தான்.

“செய்வியாட்டி?”

“செய்வேன்.”

அவன் ஆற்றைப் பார்த்தான். பாலத்தில் பின்னால் வந்த வண்டிக்காரன் வழிவிடச் சொல்லிச் சத்தம் போட்டான். ஐயம்பெருமாள் இறங்கினான். பிள்ளையைக் கம்பளியோடு தூக்கி அவளிடம் நீட்டினான். அவள் மேல் விரல் படாமல் கொடுத்தான். மிஷன் டாக்டரிடம் இன்றைக்கே காட்ட வேண்டும் என்றான். காய்ச்சல் விடவில்லை என்றால் ஆள் அனுப்பச் சொன்னான். பிறகு எப்போது வருவான் என்று சொல்லவில்லை. மேல்வேட்டியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

அவள் வந்த வழியே திரும்பினாள். பிள்ளை கனத்தது. தோளில் அதன் மூச்சு சுட்டது. டாக்டர் விளக்கு வைக்கும்வரை இருப்பார். அதற்குள் போய்விடலாம்.

நெஞ்சுக்குள் இரண்டு அசைந்தன. மூன்றாவது அசையவில்லை. எடுத்துப் பார்க்கக் கை இல்லை. அவள் நடையை எட்டிப் போட்டாள்.