பத்துச் சதத்தில் விடுபட்ட புள்ளி

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்குறணையிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த பெண் கைப்பேசியில் யாரிடமோ தன் கதையைக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வருவதற்குள் முக்கால் கதை என்னிடம் சேர்ந்துவிட்டது. மீதிக் கால்வாசியை, அதாவது திங்கட்கிழமையை, நானே செய்தாக வேண்டும். தொல்லை அங்கேதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலைகளின் மேல் மூடுபனி மெல்ல இறங்கிய—'

வேண்டாம். கண்டி என்று எழுதினால் பனி இறங்கியே தீரவேண்டுமா?

2

அந்தப் பெண்ணின் பெயர் சுந்தரி என்று வைத்துக்கொள்வோம். கண்டியில் ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருஷமாகப் புரூஃப் பார்ப்பவள். போன வாரம் ஒரு கல்யாணக் கார்டில் 'திருநிறைச்செல்வன்' என்ற சொல்லில் 'ல்' மேலிருந்த புள்ளி விடுபட்டு, மாப்பிள்ளை 'திருநிறைச்செலவன்' ஆகிப்போனார். அறுநூறு கார்டும் ஊரெல்லாம் போன பிறகுதான் தெரியவந்தது. பெண் வீட்டார் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் சிரிக்கவில்லை.

"ஒரு புள்ளியப் பாக்க முடியலையா ஒங்களுக்கு?" என்றார் முதலாளி தியாகராஜா. "வேலையில வச்சிக்கிறதா இல்லையான்னு திங்கக்கெழம சொல்றேன். போங்க."

(இந்த இடத்தில் முற்றுப்புள்ளியை வைத்து ஒரு பகிடி விடச் சொன்னான் என் அறைத்தோழன் யுகேஷ். விடமாட்டேன்.)

அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் தாள் வெட்டும் மெஷினை நகர்த்தியபோது அடியில் பழைய பத்துச் சதக் காசு ஒன்று கிடந்தது. மற்றவர்கள் காசைப் பார்ப்பார்கள், சுந்தரி வாசித்தாள். 'சதம' என்றிருந்தது. கடைசி எழுத்தின் மேல் புள்ளி இல்லை.

காசு அடித்தவர்களே புள்ளியைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள்! அதற்காக எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினார்களாம்? காசு பற்றித் தெரிந்தவர் ஒருவர் பார்த்து, 'ஆமாம், இது அச்சுப்பிழைதான்' என்று ஒரு கடதாசியில் எழுதித் தந்தால், அதைத் திங்கள் காலை தியாகராஜாவின் மேசையில் வைப்பாள்.

3

ஞாயிற்றுக்கிழமை சுந்தரி காசோடு போய் நின்றது, அக்குறணையில் பழைய காசு வாங்கி விற்கும் லாபிரிடம்.

[அவரை நல்லவராக எழுதுவதா, ஏமாற்றுக்காரராக எழுதுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். மனுஷன் எனக்காகக் காத்திராமல் லென்ஸைக் கண்ணில் வைத்துவிட்டார்.]

"காசு அடிக்கிற அச்சில அந்தப் புள்ளிக் குழி பிசுக்கு அடைஞ்சி ஈந்தா புள்ளி விழாது. அது நல்ல சாமான். தேஞ்சி போயிருந்தா ஒண்ணுமில்ல" என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுத்தி எழுத்தெல்லாம் கூராத்தான் ஈக்கி. தேயல்ல." (அக்குறணைப் பேச்சில் 'ஈக்கி' என்றால் 'இருக்கிறது'; 'நானா' என்றால் அண்ணன்.)

சுந்தரிக்கு மூச்சு வந்தது.

"ஆனா தங்கச்சி, புள்ளி ஈக்கே."

"எங்க நானா?"

"இந்தா. ஊசியால குத்தின மாதிரி, சின்னதா."

சுந்தரி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது... நான் வச்சது."

"என்ன?"

"புத்தகம் தைக்கிற ஊசி கையில இருந்திச்சி. புள்ளி இல்லாம ஒரு 'ம'வப் பாத்தா கை சும்மா இருக்காது நானா. வெள்ளிக்கெழமையே வச்சிட்டேன் போல."

"காசையா திருத்தினீங்க?"

"பழக்கதோஷம்."

"யா அல்லாஹ்! கல்யாணக் கார்ட உட்டுட்டு காசத் திருத்திட்டு வந்தீக்கிறீங்களே! இது இப்ப பிழையான காசில்ல, பிழை திருத்தின காசு. இதுக்கு நான் என்ன கடதாசி தர?"

4

திங்கள்.

முடிவு ஒன்று: காசையே திருத்துகிறவளை விடக்கூடாது என்று தியாகராஜா கண் கலங்குகிறார். (எழுதிப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

முடிவு இரண்டு: சுந்தரி வேலையை உதறிவிட்டு நிமிர்ந்து நட— (எங்கே நடப்பாள்? செலவன் கதை மற்ற அச்சகங்களுக்கும் போயிருக்கும்.)

முடிவு மூன்று: சுந்தரி மேசையில் வைத்த காசைத் தியாகராஜா திரும்பியும் பார்க்கவில்லை. தானே டைப் செய்த கடிதத்தை நீட்டினார். "நல்லா வாசிச்சிப் பாத்துட்டு கையெழுத்து வைங்க."

'நடந்த பிழையை முன்னிட்டு, நாளை முதல் தாங்கள் வேலைக்கு வர வேண்டும்.'

சுந்தரி இரண்டு தரம் வாசித்தாள்.

5

இதற்கு மேல் என்னால் நகர முடியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்: 'வர வேண்டாம்' என்றுதான் எழுதப் போனேன். விரல் தவறி 'வேண்டும்' என்று விழுந்துவிட்டது. பிழை தியாகராஜாவுடையதா, என்னுடையதா என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. திருத்தினால் அவளுக்கு வேலை போகும். கண்டும் விட்டுவைத்தால், இத்தனை வருஷமாக அவள் பார்த்தது என்ன வேலை?

"என்ன இவ்வளவு நேரம்?" என்கிறார் தியாகராஜா.

அவள் நிமிரவில்லை. எனக்கும் நாளைக்குள் இதைக் கல்லூரிச் சஞ்சிகைக்குக் கொடுத்தாக வேண்டும். அச்சுக்குப் போகுமுன் அந்த வரியை நீங்கள் ஒருதரம் பாருங்கள். திருத்துவதும் விடுவதும் உங்கள் பாடு.