பத்து வருஷத்துக்கான கேமரா செலவு

பிலிம் கேமராவை விற்றுவிடப் போவதாக உதய் சொன்னபோது மிருதுளாவுக்கு ஐந்தாம் மாதம். குழந்தை வரப்போகிற வீட்டில் ஒரு ரோலுக்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பது அநியாயம், அதைக் கழுவி ஸ்கேன் பண்ண இன்னும் ஐந்நூறு வேறு என்றான்.

"டிஜிட்டல்ல எத்தனை எடுத்தாலும் சும்மாதானே? இருக்கிற பழைய டிஜிட்டலுக்குப் பதிலா புது கேமரா பாடி ஒண்ணு மட்டும் வாங்கிட்டா போதும்."

மிருதுளா மத்திய அரசின் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து, கொல்கத்தாவின் பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் கணவனோடு குடியிருந்தாள். 'சும்மா' என்று யாராவது சொன்னால் அவளுக்கு உடனே சந்தேகம் வரும்.

"பத்து வருஷத்துக்குப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்," என்றாள்.

அவளுக்குக் கேமராக்களைவிடக் கீழ் வீட்டு மிதாலி பௌதியைப் பற்றித்தான் கவலை. பௌதி என்றால் பெங்காலியில் அண்ணி. பௌதியின் மகனுக்கு முதல் சோறு ஊட்டிய அன்னப்பிராசனத்துக்கு உதய்தான் படம் எடுத்தான். டிஜிட்டலில் ஆயிரத்துக்கும் மேல் எடுத்தான். அத்தனையும் கம்ப்யூட்டரில் கிடந்தன. ஞாயிறு தவறாமல் உட்காருவான். ஒரே மாதிரி இருபது படங்களில் எது நல்லது என்று பார்த்துப் பார்த்தே பொழுது போய்விடும். பையன் நடக்கவே தொடங்கிவிட்டான். ஆரம்பத்தில் படியில் பார்க்கும்போதெல்லாம் "ஃபோட்டோ ஆச்சா?" என்று கேட்ட பௌதி, இப்போது கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் மிருதுளாவுக்கு உறுத்தியது.

அந்த ஞாயிறு காலை அவள் கணக்கைத் திரையில் காட்டினாள். மாதம் இரண்டு ரோல், கழுவும் கூலி, வருஷா வருஷம் ஏறும் விலை எல்லாம் சேர்த்துப் பிலிமுக்கு ஒரு தொகை. டிஜிட்டலுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு புது பாடி, லென்ஸ், நிறைந்துகொண்டே போகும் ஹார்ட் டிஸ்க்குகள், படம் திருத்தும் மென்பொருளுக்கு மாதச் சந்தா, படங்களைத் தாங்காமல் மாற்ற வேண்டிய லேப்டாப்.

உதய் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். "கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வருது."

"கல்யாணம் காட்சின்னு ஆயிரக்கணக்குல எடுக்கிறவங்களுக்கு டிஜிட்டல்தான் லாபம். நீ எடுக்கிறது வீட்டுக்கும் தெருவுக்கும்."

"கீழ ஒரு கட்டம் காலியா இருக்கே?"

"அது உன் ஞாயித்துக்கிழமை. அதுக்கு என்ன விலை போடறதுன்னு எனக்குத் தெரியல." என்றாள். "குழந்தை வந்தப்புறம் அந்த நாள் எனக்கு வேணும் உதய்."

அவன் எழுந்துபோய் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டான். "பௌதி வீட்டுப் படத்துல எது வேண்டாம்னு நீ பாத்துச் சொல்லு. நான் அழிக்கிறேன்."

அவள் ஈவிரக்கமே பார்க்கவில்லை. சோறு பொங்குவதற்குள் பாதி போய்விட்டது. ஒரே சிரிப்பின் பத்து நகல்களில் ஒன்பதை அவன் அழித்தபோது முதலில் கை தயங்கியது. பிறகு அவனுக்கே அது பிடித்துப்போனது. சாயங்காலம் நாற்பது படங்களைக் காளிகாட் மெட்ரோ பக்கத்துக் கடையில் அச்சுப் போட்டு வாங்கி வந்தார்கள்.

மிதாலி பௌதி கதவருகிலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குழந்தை பாயசத்தைத் துப்பும் படத்தில் நின்றுவிட்டாள்.

"மன்னிச்சுக்கோங்க பௌதி, ரொம்ப லேட்டாயிடுச்சு," என்று உதய் தனக்குத் தெரிந்த பெங்காலியில் சொன்னான்.

"படம் வராதுன்னே நெனச்சிட்டேன்," என்றாள் அவள். பிறகு மிருதுளாவின் வயிற்றைப் பார்த்தாள். "உங்கம்மா திருச்சியில இருக்காங்க. உனக்கு ஷாத் நான் பண்றேன். எங்க ஊர் வளைகாப்பு அது."

புது பாடி வாங்கும் பேச்சு அதோடு நின்றது. இருந்த டிஜிட்டல் கேமராவை உதய் தன் அலுவலக நண்பன் ஒருவனுக்கு விற்ற பணம் பிரசவச் செலவுக்கென்று தனியாகப் போனது.

ஏழாம் மாதம் பௌதி வீட்டுக் கூடத்தில் மிருதுளாவைப் புதுப் புடவையில் உட்காரவைத்து, வறுவல் வகைகளும் பாயசமும் பரிமாறினார்கள். உதய் பிலிம் கேமராவோடு வந்திருந்தான். சில படங்கள் எடுத்தான், பிறகு அதை அலமாரிமேல் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவ்வளவுதானா?" என்றாள் மிருதுளா.

"பாதி ரோல் மிச்சம் இருக்கு. பாப்பா வந்ததும் அதுலயே எடுத்துக்கலாம்," என்று அவள் தட்டிலிருந்து ஒரு கத்தரிக்காய் வறுவலை எடுத்துக்கொண்டான்.