முழு சார்ஜ்

என் கணவருக்குக் கை சும்மா இருக்காது. எனக்கு வாய் சும்மா இருக்காது. நிறைமாதமாக என்னை வீட்டில் வைத்துக்கொண்டு, கொட்டகையில் பழைய மொறிஸ் மைனர் காரின் இஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கிறவரிடம் வேறு எப்படிப் பேசுவது?

"பெட்ரோல்ல ஓடிக்கிட்டிருந்த காரு. அதையும் பிரிச்சுப் போட்டுட்டீங்க. வலி வந்தா எதுல போறது?"

"அதுக்குள்ள ஓடும்," என்பார் கிஷாந்த், தலையைத் தூக்காமலே.

பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர் ஏன் இப்படி அலைகிறார் என்று எனக்குத் தெரியும். பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம், இதே கார் இதே கொட்டகையில் காய்ந்த டாங்கியோடு கிடந்தது. வட்டவளைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்து டிவிசனுக்கு ஓர் ஆட்டோகூட ஏறி வரவில்லை. வலி வந்த என்னைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பெரிய ரோட்டைத் தொடுவதற்குள் எங்கள் மூத்த பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. பிறகு பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது. அவர் மட்டும் அதை நம்பவேயில்லை; காரைக் கரண்டில் ஓட வைக்கக் கிளம்பிவிட்டார்.

தேயிலை ஃபேக்டரியில் மோட்டார்களைப் பார்க்கிற வேலை அவருக்கு. விபத்தில் நசுங்கிய ஒரு மின்சாரக் காரின் மோட்டாரையும் பெட்டரியையும் கினிகத்தேனையில் அலியார் நானாவின் பழைய சாமான் கடையில் பிடித்தார். மிச்சத்தைப் போனில் வீடியோ பார்த்துப் படித்தார். சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் வீடியோதான். எனக்கோ உட்கார்ந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் கொட்டகைக்குப் போய் ஒரு சண்டை போட்டுவிட்டு வரத் தோன்றும்.

ஒருவழியாக வண்டி அசைந்தது. அன்றே ஓட்டிப் பார்க்கத் துடித்தவரை அவருடைய அம்மா மீனம்மா தடுத்தார்.

"மொத ஓட்டம் தம்பி. கொறையா எடுக்காத. நெறஞ்சு இருக்கணும்."

அத்தை சொன்னதில் தப்பென்ன? வாசலுக்கு நிறைகுடம், பொங்கலுக்குப் பொங்கி வழிகிற பானை. காருக்கு மட்டும் குறை வைக்கலாமா? கொள்கிற மட்டும் கிஷாந்த் சார்ஜ் ஏற்றினார். சந்தனம், குங்குமம் வைத்தோம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். லயத்து வீடுகளின் சனம் கூடி நிற்க, பழத்தை நசுக்கிக்கொண்டு அவர் தனியாகக் கீழே இறங்கினார். முதல் வளைவில் திரும்பினார். இரண்டாவது வளைவில் வண்டி திரும்பாமல் தேயிலைக்குள் பாய்ந்தது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவருக்குக் கீறல்கூட இல்லை.

"புடிக்கவே இல்ல, கிருஷாந்தி."

மலையில் பெட்ரோல் காரைச் சின்னக் கியரில் போட்டுத்தான் இறக்குவோம். இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரக் காரில் அந்த வேலையை மோட்டார் செய்கிறதாம், இறக்கத்தில் கரண்ட் உண்டாக்கி பெட்டரிக்கே திருப்பி அனுப்பி. பெட்டரி நிறைந்திருந்தால் அனுப்ப இடமேது? மோட்டார் கையை விரித்துவிட்டது. பெட்டரியின் அத்தனை கனத்துக்கு அந்தக் கிழட்டு பிரேக் எம்மாத்திரம்? வீடியோவில் இதை யாரும் சொல்லவில்லை. அவர்கள் சமதரையில் ஓட்டுகிறவர்கள்.

"இனி முக்காவாசிக்கு மேல யாரும் ஏத்தக்கூடாது," என்று வண்டியை இழுத்துவந்து கொட்டகையில் விட்டதும் எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். முக்கால் போதுமா என்று நான் போகும்போதும் வரும்போதும் சார்ஜ் மீட்டரை எட்டிப் பார்த்தேன். அத்தையும் பார்த்தார்.

சில நாளில், மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் வலி வந்தது. ஃபேக்டரியிலிருந்து ஓடிவந்தவர் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். வயர் சொருகியிருந்தது. மீட்டர் முழுசாகக் காட்டியது.

"யாரு ஏத்துனது?"

"கொறையாக் கெடந்துச்சே தம்பி," என்றார் அத்தை. அவர் முகம் செத்துப்போயிருந்தது. "புள்ளத்தாச்சி போற வண்டியாச்சேன்னு..."

திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் கிஷாந்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. சாவியைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றார். அவர் கண்ணில் அந்தக் கம்பளியைக் கண்டேன். அடுத்த வலி இடுப்பை முறித்தது. அது விட்டதும் சொன்னேன்.

"ஏங்க, மேல ஓட்டுங்க."

"என்னது?"

"கோயில் வரைக்கும் ஏத்துங்க. ஏத்தத்துல கரண்டு கொறையட்டும். பெறகு எறங்குவோம்."

பிள்ளை பெறப் போகிறவளையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு வண்டி ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டி ஏறியது. லைட், ஹீட்டர், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டார்.

"புத்தி கெட்டுப்போச்சா? ஆஸ்பத்திரி கீழல்ல இருக்கு!" என்று லயத்திலிருந்து யாரோ கத்தினார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. யோசனை சொன்னவள் நான்தான். ஆனாலும் ஏற ஏற, இந்தப் பிள்ளையையும் நானே சாகக் கொடுக்கிறேனோ என்று அழுதேன். கோயில் முன்னால் வண்டியைத் திருப்பியபோது அத்தை மட்டும் கும்பிட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டைத் தாண்டினோம். முதல் வளைவு. இரண்டாவது வளைவில் முறிந்த தேயிலைச் செடிகள் அப்படியே கிடந்தன. கிஷாந்த் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். மோட்டார் முனகியது. பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி தயங்கி, நிதானமாகத் திரும்பியது.

"புடிக்குது," என்றார். குரல் உடைந்து கண்ணீர் வழிந்தது.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பெரிய ரோடு வந்தது. மூத்தது அடங்கிப்போன அந்த முனையில், என் வயிற்றுக்குள் பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது.