குலுக்கலில் எரிந்த பல்ப்

1

ஒரு பழைய வேனைக் குலுக்கி நான் எடுத்த மின்சாரத்தில் ஊர் முழுக்க மூன்று நாள் வெளிச்சம். நான்காம் நாள் சூரியன் எட்டிப் பார்த்து, தனக்கு இங்கே வேலையில்லை என்று திரும்பிப் போய்விட்டது.

[ஓரத்தில் பென்சில் எழுத்து: பொய். எரிந்தது ஒரே பல்ப். அதுவும் அஞ்சு வாட்.]

பென்சில்காரர் என் மனைவியின் தம்பி. முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர்களைச் சோதித்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவர் பெயரே மீட்டர்தான். முள் ஆடினால் நம்புவார். மனிதன் வாய் ஆடினால் நம்பமாட்டார். இந்தக் கதை பிறந்ததே அவரால்தான். போன வாரம் சாப்பாட்டு மேசையில் நான் பல்ப் விஷயத்தை எடுத்தபோது, "அப்படி ஒண்ணும் நடக்கல அத்தான்" என்று முகத்தை இறுக்கிக்கொண்டார். பல்ப் எரிந்த அன்றைக்கு வேனுக்குள் என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் சொல்கிறார் இப்படி!

"அப்ப எழுதியே காட்டுறேன்."

"எழுதுங்க. நான் திருத்துறேன்" என்று பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

2

முதல் தொடக்கம்: இடி இடித்துக்கொண்டிருந்த ஒரு பயங்கரமான...

அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.

இரண்டாவது தொடக்கம்: நான் ஒரு மேதை.

இதை மனைவி அடித்துவிட்டாள். ஆகவே இனி 'அவர்' என்று எழுதுகிறேன். அவரை எவ்வளவு புகழ்ந்தாலும் என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அவர் பஸ் டிப்போ மெக்கானிக். ஓய்வு பெற்ற மறுநாளே டிப்போவின் பின்புறக் கொட்டகையைக் கேட்டு வாங்கி, ஆறு வருடம் அதிலேயே கிடந்தார். வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போது வீணாகிற ஆட்டம் இருக்கிறதே, அதை மின்சாரமாக்க வேண்டும் என்பதுதான் அவருடைய பைத்தியம். சக்கரத்துக்கு மேலே ஒரு குழாய். குழாயைச் சுற்றிச் செம்புக் கம்பி. உள்ளே ஒரு காந்தம். வண்டி குலுங்கினால் காந்தம் மேலும் கீழும் ஓடும், கம்பியில் மின்சாரம் பிறக்கும். (இங்கே கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கிறேன்.)

டிப்போவுக்குப் புதிதாக வந்த இன்ஜினியர், கொட்டகையை இடித்துவிட்டு டயர் அடுக்கப் போவதாகச் சொன்னார். மெக்கானிக் விடாமல் நச்சரித்ததில் ஒரே ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பேட்டரி கூடாது, வண்டியின் ஆட்டத்தில் மட்டும் ஒரு பல்ப் ஐந்து நிமிடம் அணையாமல் எரிய வேண்டும். எரிந்தால் கொட்டகை தப்பும், டிப்போ வண்டிகளிலும் கருவியை மாட்டுவார்கள். அணைந்தால் ஆறு வருட உழைப்பும் அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்கு.

நேரம் குறிக்க, கொஞ்சமும் நம்பிக்கை இல்லாத ஓர் ஆள் வேண்டும் என்றார் இன்ஜினியர். அப்படி ஓர் ஆள் வீட்டிலேயே இருந்தாரே!

3

ஊரிலேயே மோசமான சாலையைத்தான் மெக்கானிக் தேர்ந்தெடுத்திருந்தார். எந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று குச்சியால் அளந்து நோட்டில் குறித்து வைத்திருந்தார். சோதனை நாளில், கருவி மாட்டிய டிப்போவின் பழைய வேனில் போய்ப் பார்த்தால் சாலை கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. இன்ஜினியர் அந்த வழியாக வருகிறார் என்று கேள்விப்பட்டு, முந்தின நாளே புதுத் தார் போட்டுவிட்டார்கள்! பத்து வருடம் மனு எழுதியும் வராத தார்.

வேன் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போயிற்று. பல்ப் செத்த மீனின் கண்ணாகக் கிடந்தது.

"என்ன அத்தான், முள் தூங்குது?" என்றார் மீட்டர்.

"ரோடு தூங்குதுய்யா!"

பின்சீட்டில் இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். மெக்கானிக் எட்டி டிரைவரின் தோளைப் பிடித்தார். "கல்குவாரிப் பாதையில விடுங்க."

முப்பது வருடமாக ஒரு பள்ளத்திலும் சக்கரத்தை இறக்காதவர் அந்த டிரைவர். "அதுல விட்டா என் மானம் போயிடும்ண்ணே!"

"விடலன்னா என் ஆறு வருஷம் போயிடும்."

டிரைவர் ஒரு பெருமூச்சு விட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தார்.

டமார்!

முதல் பள்ளத்திலேயே வேன் ஆறடி எழும்பியது.

[அரை அடி.]

சரி, ஓர் அடி. பல்ப் சிமிட்டியது. அடுத்த பள்ளத்தில் சிவந்தது. மூன்றாவதில் பளிச்சென்று எரிந்தது! "இடது பக்கம் இன்னொண்ணு, விடாதீங்க!" என்று மெக்கானிக் கத்த, டிரைவருக்கும் வெறி பிடித்துவிட்டது. தேடித் தேடி விழுந்தார். மீட்டர் ஒரு கையில் வோல்ட் மீட்டரும் மறு கையில் கடிகாரமுமாக உருண்டுகொண்டிருந்தார். இரண்டு நிமிடம். மூன்று. நான்கு.

நான்கு நிமிடம் இருபது செகண்டில், எதிரே கல் ஏற்றிய லாரி. ஒரு வண்டிதான் போகலாம், அந்தப் பாதையில். வேன் நின்றது. நின்ற பிறகும் அதன் உடம்பு லேசாக ஆடிக்கொண்டிருக்க, அந்த ஆட்டத்தில் பல்புக்குள் இழை மட்டும் செக்கச்செவேலென்று...

4

கதையையும் இங்கேயே நிறுத்துகிறேன். முடிவு மூன்று வைத்திருக்கிறேன்.

அ) மெக்கானிக்கின் மேல் இருந்த மரியாதையால் பல்ப் தானாகவே எரிந்தது.

ஆ) பல்ப் அணைந்தது. கொட்டகையை... இதை எழுதக் கை வரவில்லை.

இ) வாழ்நாளில் படிக்கட்டில்கூட வேகமாக ஏறாத, நூறு கிலோ எடையுள்ள ஒருவர், கடிகாரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுந்து, வேனுக்குள் தங்குதங்கென்று குதிக்க ஆரம்பித்தார்.

மூன்றாவதை ஒருவரும் நம்பப் போவதில்லை. எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பாதிப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். சாப்பிடக் கூப்பிடுகிறாள், போகிறேன்.

5

[பென்சில் எழுத்து, பக்கத்தின் அடிவரைக்கும்:]

முதல் வரி பொய். மரியாதை சுத்தப் பொய். என் எடை எண்பத்தேழு.

பத்து நாற்பதுக்கு எரிய ஆரம்பிச்சது. அஞ்சு நிமிஷம் ஏழு செகண்ட் எரிஞ்சது. குறிச்சது நான், கையெழுத்துப் போட்டதும் நான்.

குதிச்சதும் நிஜம்தான் அத்தான். அந்தச் சிவப்பு அணையறதைப் பாத்துட்டு உக்கார முடியல. அன்னிக்கு மேசையில என் மருமகன் இருந்தாரு, அதான் இல்லைன்னுட்டேன்.

ஆனா நான் ஒருத்தன்தான் குதிச்ச மாதிரி எழுதியிருக்கீங்களே, இது நியாயமா? எனக்கு முன்னாடி எழுந்து குதிச்சது அந்த இன்ஜினியர்.