மெரூன் கோட்டில் இரண்டு விரல்

சலவைக் கடையின் பின்னறையில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் நீராவி எழுந்து இளையவளின் முகத்தை மறைக்கும். அது அவளுக்கு வசதியாக இருந்தது. கன்னத்திலும் தாடையிலும் சிவந்து வீங்கிய பருக்கள். சில தோலுக்கடியிலேயே உருண்டு நின்று, தொட்டாலே வலித்தன. முன்னால் கல்லாவில் நின்ற அக்கா அவளுக்கு 'ஆவி' என்று பேர் வைத்திருந்தாள். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் போனபின் ஆவிதான் கல்லாவுக்கு வர வேண்டும். அதற்குள் முகம் ஆறிவிடுமா என்பதே அவள் கவலை.

தோல் டாக்டரம்மா இரண்டு மருந்து எழுதியிருந்தார். சாப்பிட்டபின் நிறைய தண்ணீரோடு ஒரு மாத்திரை, இரவில் மெல்லிசாக ஒரு களிம்பு. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். ஆவியிடம் அது மட்டும்தான் இல்லை. இரவு போட்டதைக் காலையிலும் போட்டாள், வேலைக்கு நடுவிலும் ஒருமுறை போட்டாள். தோல் உரிந்தபோது மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாள். உண்மையில் பருக்களும் கொஞ்சம் அடங்கத்தான் செய்தன.

அப்போதுதான், சலவைக்கு வந்திருந்த, பெரிய ஹோட்டல் வாசலில் நிற்கும் காவலரின் மெரூன் கோட்டில், தோள்பட்டையில், வெளிறிய இரண்டு விரல் தடங்களை அப்பா பார்த்தார். எந்தக் கறையாக இருந்தாலும் மோந்து பார்த்தே பேர் சொல்லிவிடுவார் அவர். இது கறையே இல்லை, நிறம் போன இடம். அப்பா கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதிதாக வாங்கிய சோப்புத் தூள்தான் காரணம் என்று முடிவு கட்டினார். வியாபாரிக்குப் போன் போட்டு தெருவே கேட்கும்படி திட்டினார். சோப்புத் தூள் மூட்டைகள் வாசலுக்குப் போயின. ஆனாலும் சலவை மெஷினில்தான் கோளாறோ என்று அதையும் அடிக்கடி திறந்து திறந்து பார்த்தார்.

மறுநாள் ஆவி தன் நீலத் தலையணை உறையை மடித்தாள். கன்னம் பதியும் இடம் நிலா மாதிரி வெளுத்திருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விரலில் ஒட்டியிருந்த களிம்பு, ஈரச் சூட்டில் சாயத்தைத் தின்றிருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் மருந்தையே தூக்கிப் போடச் சொல்லுவார் என்று பயந்தாள். களிம்பை அலமாரியின் அடியில் போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் தொடர்ந்தாள். மாத்திரை துணியில் படப் போவதில்லையே.

அடங்கிய பருக்கள் தாடையில் மறுபடி முளைத்தன. அக்காவையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். அவர் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"க்ரீம நிறுத்திட்டியாம்மா?"

ஆமென்று ஆவி தலையை ஆட்டினாள்.

"மாத்திரை உள்ளருந்து வீக்கத்தக் குறைக்கும். க்ரீம் வெளிய துவாரம் அடைக்காமப் பாத்துக்கும். மாத்திரைய மட்டும் போட்டா கிருமி அதுக்குப் பழகிடும், அப்புறம் அது சொன்ன பேச்சக் கேக்காது. சில மாசத்துல மாத்திரைய நிறுத்திடுவோம். க்ரீம்தான் உன்கூட வரும்."

கோட்டு விஷயத்தைக் கேட்டு டாக்டரம்மா சிரித்துவிட்டார். இரவில் மட்டும் பட்டாணியளவு, போட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும் என்றார். வழியெல்லாம் அக்கா, "நீ வெளுத்ததுக்கு அந்த சோப்புக்காரர் வாங்கிக் கட்டிக்கிட்டாரேடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டில் ஆவி தலையணை உறையை அப்பாவின் மடியில் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் வெகுநேரம் அந்த வெளிறிய வட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்போ மெஷின்ல கோளாறு இல்ல?"

"இல்லப்பா."

"சோப்புலயும் இல்ல?"

"இல்ல. மருந்த நிறுத்தச் சொல்லிடாதீங்கப்பா."

"எதுக்கு நிறுத்தணும்? சாயம் போனா ஏத்திக்கலாம் கழுதை. முகத்துக்கு எங்க போயி ஏத்தறது?"

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் மெஷினை நினைத்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. சோப்பு வியாபாரிக்குப் போன் போனது, இந்த முறை தெருவுக்குக் கேட்காத குரலில். கோட்டுக்கு அப்பாவே சாயம் ஏற்றினார். தோள் மட்டும் ஒரு இழை அடர்த்தியாக நின்றது.

காவலர் கோட்டை வாங்க வரவிருந்த அன்று, நடந்ததைத் தானே சொல்லிக்கொள்வதாக அப்பா எழுந்தார். ஆவி அவரை உட்காரச் சொன்னாள். அக்காவைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டுக் கல்லாவில் நின்றாள். காவலர் உள்ளே வந்ததும் கோட்டை விரித்து, தோளைக் காட்டி, தன் கையிலிருந்த களிம்பால் வந்தது என்றாள். அவர் கோட்டை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் குனியவில்லை.

"மாத்திரையும் உண்டா, களிம்பு மட்டுமா?"

"ரெண்டும் சேத்துதாங்க."

"எங்க பொண்ணுக்கு நானா கடைல கேட்டுக் களிம்பு மட்டும் வாங்கிக் குடுத்தேன். ரூம விட்டே வரமாட்டேங்கறா. எந்த டாக்டர்கிட்டம்மா காட்டுன?"

ஆவி வழி சொன்னாள். போகும்போதே வெள்ளைத் தலையணை உறை வாங்கிவிடச் சொன்னாள். அவர் அங்கேயே கோட்டைப் போட்டு, பொத்தான்களை மாட்டி, ஹோட்டல் வாசலில் நிற்பதுபோல நிமிர்ந்து காட்டினார். சரியாக இருக்கிறது என்றாள் அவள்.

பின்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"யாராச்சும் வாங்களேன், இங்க வேகுது."

அடுத்த வாடிக்கையாளர் மூட்டையோடு படியேறிக்கொண்டிருந்தார். "இரு அக்கா, ஆள் வந்திருக்காங்க" என்றாள் ஆவி.